முதல் பதில்

கேள்வி கேட்டதும் வெடுக்கென்று பதில் சொல்லிவிடுகிற பிள்ளை இல்லை ஸார்யா. கொஞ்சம் பொறுப்பாள். கண்ணைத் தாழ்த்தி, விரல்களை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருப்பாள். அப்புறம் நிமிர்ந்து சொல்வாள். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதில் அவள் அம்மா யெர்னெயாவுக்கு உள்ளூரப் பெருமை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு கையைத் தூக்கும், தூக்கிவிட்டுப் பாதிக்குப் பாதி உளறும். தன் பெண் யோசித்துப் பேசுகிறாள், அதை நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தது அவள்தான், அதில் சந்தேகமில்லை. எதைக் கற்றுக்கொடுத்தாள் என்பதுதான் ஜூன் மாதம் பரீட்சை நாள் வரை அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. தலைநகர் லியூப்லியானாவில் இருப்பார்கள், யோகா செய்கிறவர்கள், மாமிசம் தொடாதவர்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. நாலு மாடும் ஒரு பழைய டிராக்டரும் வைத்துக்கொண்டு மலைச் சரிவில் வாழ்கிற குடும்பம் அந்த வேலையில் இறங்கும் என்று யார் நினைத்தது. சட்டம் இருக்கிறது, யாரும் செய்யலாம். வருஷக் கடைசியில் பிள்ளைகள் கீழே இருக்கிற பள்ளிக்கு வந்து பரீட்சை எழுத வேண்டும். தேறினால் அடுத்த வருஷமும் வீட்டில் இருக்கலாம். தவறினால் ஆகஸ்டில் இன்னொரு முறை. அதிலும் தவறினால் செப்டம்பரில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த பஸ்தான் காரணம். முந்தின வருஷம் பிப்ரவரியில், மூத்தவன் டிலென் சாயங்காலம் அதில் வந்து இறங்கி, பழைய மாவு மில் திருப்பத்தில் சாலையைக் கடந்தான். தரை பளிங்காக உறைந்திருந்தது. மரம் ஏற்றி வந்த லாரி நிற்காமல் சறுக்கியது. பதினோரு வயது. யார்மேலும் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. லாரி ஓட்டினவர் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றார்கள். யெர்னெயாவுக்கு இது எதுவும் ஆறுதலாக இல்லை. யார்மேலாவது தப்பு இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டவாவது திட்டியிருப்பாள்.

அந்த வருஷத்தின் மிச்ச மாதங்களுக்குச் சின்னவர்கள் இருவரும் வராததைப் பள்ளி கண்டும் காணாமல் விட்டது. கோடை முடிகிற சமயத்தில் ஒரு நாள், கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்த புருஷனிடம் யெர்னெயா போய் நின்றாள்.

"போஷ்ட்யன், ரெண்டு பேரும் இனிமே அந்த பஸ்ல ஏற மாட்டாங்க."

"சரி. நான் கார்ல கொண்டுபோய் விடறேன்."

"பாக்டரில நைட் ஷிப்ட் வந்தா?"

அவன் கறக்கிற கையை நிறுத்தினான்.

"நான் வீட்டுலயே சொல்லித்தர்றேன்" என்றாள் அவள்.

"நீயா? உன் கணக்கு எனக்குத் தெரியாதா. நம்ம கல்யாணத்துக்கு நீ கணக்குப் போட்டு ரொட்டி வாங்கி, பாதிப் பந்திலயே காலியாச்சே."

"உங்க சித்தப்பா குடும்பம் வேன் பிடிச்சுக்கிட்டு வரும்னு எவன் கண்டான்?"

போஷ்ட்யன் சிரித்தான். பிப்ரவரிக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததில் அவனுக்கே குற்ற உணர்ச்சி வந்து, மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். "உன் இஷ்டம்" என்றான் பிறகு.

பாடம் சமையலறையில் நடந்தது. ஏழு வயது லோவ்ரோவுக்குப் பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவனைக் கணப்பு அடுப்பின் மேடைமேல் ஏற்றி, மடியில் சாய்த்துக்கொண்டு, எழுத்துக் கூட்டச் சொல்வாள். அவன் அரை மணியில் தூங்கிவிடுவான், அல்லது பூனையைத் தேடிப் போய்விடுவான். மேசைப் பாடம் ஸார்யாவுக்கு மட்டும்தான். அவளுக்கு ஒன்பது வயது. மேசையைச் சுற்றி மூலையில் மரப்பெஞ்சு, எதிரே இரண்டு நாற்காலிகள். பெஞ்சின் ஜன்னலோரக் கடைசி டிலென் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடம். அங்கே உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

சொல்லக் கூசினாலும் இதைச் சொல்ல வேண்டும்: அந்தக் காலை நேரங்களில் யெர்னெயா சந்தோஷமாக இருந்தாள். சமையலும் துணியும் மாடும் கோழியும் துக்கத்தோடு செய்த வேலைகள். பாடம் அப்படியில்லை. புத்தகத்தைத் திறந்ததும் அவளுக்குள் ஏதோ இளகும். கேள்வி கேட்பாள், அறை அமைதியாகும், வெளியே பனி கூரையிலிருந்து சரிந்து விழும், அடுப்பில் ஒரு கட்டை முறியும். அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பயமாக இல்லை. குளிர் காலத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் வருமே ஒரு கதகதப்பு, அப்படி இருந்தது. பிறகு ஸார்யா பதில் சொல்வாள், அவள் அடுத்த கேள்விக்குப் போவாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு மயானத்துக்குப் போனபோது அவள் போகவில்லை. போஷ்ட்யன் தனியாகப் போய் ஏற்றிவிட்டு வந்தான். ஜனங்கள் அவளுக்குத் தாங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை வேறு. மகன் அங்கே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாத இடத்தில் போய் எதற்கு விளக்கு ஏற்ற வேண்டும்.

பனிக்காலம் ஆகஆகப் பாடங்கள் கடினமாயின. நூலகத்திலிருந்து ஆறாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்துவந்தாள். ஸார்யா படிக்க வேண்டியது நாலாம் வகுப்பு. பெண் கெட்டிக்காரி, தாங்குவாள் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். உயிரோடு இருந்திருந்தால் அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் இருந்திருக்கக்கூடியவன் யார் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்துப் பண்ணை பெப்ட்சா ஒரு நாள் பாடத்தின் நடுவே வந்து நுழைந்தாள். கணவனைப் புதைத்தவள், இரண்டு மருமகள்களை விரட்டியவள், வாய் நீளம். வாதுமைப்பருப்புச் சுருள் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"நடத்து, நடத்து. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கமாகப் போனாள்.

"அத்தை, இங்க உக்காருங்க" என்று ஸார்யா சட்டென்று எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள்.

யெர்னெயா பின்னக் கணக்கு ஒன்று கேட்டாள். அறை அமைதியாயிற்று.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் பெப்ட்சா. "ஒரு ரொட்டிய எட்டாப் பிச்சா எவ்வளவுன்னு நானே சொல்வேன், நான் பள்ளிக்கூடம் போனதே மழைக்கு ஒதுங்கத்தான்."

"கொஞ்சம் பொறுங்கக்கா. அவ யோசிக்கறா" என்றாள் யெர்னெயா.

பெப்ட்சா யெர்னெயாவின் முகத்தைப் பார்த்தாள். யெர்னெயா எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தாள். பிறகு குனிந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். காபி பாதிக் கோப்பை அப்படியே இருந்தது. கோழிக்குத் தீனி போடவில்லை என்று ஏதோ சொன்னாள். கிழவிக்கு வயதாகிறது என்று யெர்னெயா நினைத்துக்கொண்டாள்.

போஷ்ட்யனும் ஒரு தடவை அப்படித்தான் செய்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் சமையலறை வாசலில் நின்று பாடத்தைப் பார்த்தான். உள்ளே வராமல், பூட்ஸைக் கழற்றாமல், திரும்பக் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

"ஏன் உள்ள வரல?" என்று அப்புறம் கேட்டாள்.

"பாடம் நடந்துக்கிட்டிருந்துச்சு. நடுவுல எதுக்குன்னுதான்."

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியிலிருந்து கோடை வரை அவளை அவன் எந்தக் கோலத்தில் பார்த்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளோ, அதைத் தட்டிவிட அவனுக்குக் கை வரவில்லை.

ஜூனில் பரீட்சை வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க வெட்டின புல் காய்ந்துகொண்டிருந்தது. போஷ்ட்யன் யாரையும் கேட்காமல் காட்டுப் பாதையில் காரை விட்டான். அது சுற்றுவழி, ஆனால் மாவு மில் பக்கம் போகாது. பின் சீட்டில் லோவ்ரோ தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஸார்யா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பெண் தேற வேண்டும், அவ்வளவுதான் யெர்னெயாவுக்கு வேண்டியது. தேறினால் இன்னொரு வருஷம் யாரும் பஸ் ஏற வேண்டாம். இன்னொரு வருஷம் அந்தக் காலை நேரங்கள் இருக்கும்.

லோவ்ரோவின் பரீட்சை சீக்கிரம் முடிந்தது. நாய் ஒன்று எலும்பைத் தொலைத்த கதையை வாசித்தான், நாய்க்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டான், கூட்டல் கழித்தல் போட்டான், தேறிவிட்டான். போஷ்ட்யன் அவனை ஐஸ்கிரீம் வாங்கித்தரக் கூட்டிப்போனான். ஸார்யா எழுத்துப் பரீட்சையை முடித்து, வாய்மொழிக்கு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

யெர்னெயா நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்த நடைவழியில் டிலென் ஓடி விழுந்து முன்பல் உடைத்துக்கொண்டான். அப்போது போன் செய்து அவளை வரவழைத்தவர் மாய்டா டீச்சர். இப்போது உள்ளே பரீட்சை நடத்துகிறவரும் அவர்தான். டிலெனுக்கும் ஸார்யாவுக்கும் ஆரம்ப வகுப்புகளில் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி என்று சொல்லிக்கொண்டே மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார்.

கதவு திறந்தது. மாய்டா டீச்சர் மட்டும் வெளியே வந்தார்.

"யெர்னெயா, எழுதினதெல்லாம் சுத்தமா இருக்கு. அருமையா எழுதியிருக்கா. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"பயமா இருக்கும் டீச்சர்."

"எங்கிட்டயா? ரெண்டு வருஷம் என் வகுப்புல இருந்தவ. அப்ப இவ வாயை மூட நான் பட்ட பாடு இருக்கே. கேள்விய நான் முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுவா. பாதி தப்பா இருக்கும், அது வேற விஷயம்."

யெர்னெயாவுக்கு அது நினைவில் இல்லை. தன் பெண் அப்படி இருந்தாளா என்று தேடிப் பார்த்தாள். இருந்தாள். சோற்றுத் தட்டில் கரண்டியைத் தட்டிக்கொண்டு, அண்ணனின் பேச்சை வெட்டிக்கொண்டு, எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று கத்துகிற ஒரு குட்டிப் பெண் இருந்தாள். அவள் எப்போது போனாள்?

"கேள்வி கேட்டா குனிஞ்சுக்கறா" என்றார் மாய்டா டீச்சர். "நான் காத்திருக்கேன், அவளும் காத்திருக்கா. யாரு யாருக்காகக் காத்திருக்கோம்னே புரியல. கொஞ்சம் பேசிப் பாருங்க. இப்படியே இருந்தா ஆகஸ்ட்டுக்குத்தான் தள்ளணும், எனக்கு வேற வழியில்ல."

ஸார்யாவை வெளியே அனுப்பினார். அவள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டாமல், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"பதில் தெரியலையா கண்ணு?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"என் முறை இன்னும் வரல."

"உன்னைத்தானே கேட்டாங்க. உள்ள வேற யாரு இருக்கா?"

ஸார்யா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று பார்ப்பது போல இருந்தது.

"டீச்சர் டிலென் பக்கம் பாக்கவே இல்லம்மா. நேரா என்னையே பாக்கறாங்க. அவனுக்கு நேரமே குடுக்கல."

யெர்னெயாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எங்கோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது தூரத்துக்குப் போய்விட்டது.

"நான்... நான் அவன் பக்கம் பாக்கறேனா?"

"எப்பவுமே. கேள்வி கேட்டுட்டு ஜன்னல் பக்கம் பாப்ப. அவன் சொல்லி முடிச்சதும் எங்கிட்ட திரும்புவ. அப்புறம்தான் நான் சொல்லணும்."

அடுத்த கேள்வியை யெர்னெயா கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள். கேட்கும்போது அவள் குரலில் இருந்தது பயம் மட்டுமில்லை, ஆசையும்தான். அதை நினைத்து அவள் பின்னால் வெகு நாள் வெட்கப்பட்டாள்.

"அவன் என்ன சொல்றான்? உனக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்காது. உனக்குத்தான் கேக்கும். நீ தலையாட்டுவ. சில நேரம் சிரிப்ப."

"நடுவுல நீ பேசிப் பாக்கலையா?"

"ஒரு தடவை பேசினேன். ஆரம்பத்துல. கொஞ்சம் பொறுன்னு சொன்ன. உன் முகம் அப்ப..." ஸார்யா அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் நான் பொறுத்துக்குவேன்."

யெர்னெயா எழுந்து நடைவழியின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். அழுகை வரவில்லை. வந்தது வேறு ஒன்று, ஒரு யோசனை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கூடத் தந்திரம் செய்யத் தெரியும். பெண்ணுக்குப் பதில் தெரியும். பதில் வெளியே வர என்ன வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் வேண்டாம், செப்டம்பர் வேண்டாம், பஸ் வேண்டாம். வீடு இருக்கிறபடியே இருக்கும்.

மாய்டா டீச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல டீச்சரின் கை அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. பரீட்சைக்குத் துணையாக இருந்த இளம் டீச்சர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இதெல்லாம் அனுமதி உண்டா?" என்றார்.

"கேள்வி கேட்டுட்டு எந்தப் பக்கம் பாக்கணும்னு சட்டத்துல எங்க இருக்கு?" என்றார் மாய்டா டீச்சர். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "யெர்னெயா, நீங்களும் உள்ள வாங்க. பின்னால உக்காருங்க."

வகுப்பறை சின்னது. ஸார்யா நடு வரிசையில் உட்கார்ந்தாள். மாய்டா டீச்சர் எதிரே உட்கார்ந்து ஒரு கேள்விச் சீட்டை எடுத்தார்.

"நம்ம ஆறு எந்த ஆத்துல சேருது, அது எந்தக் கடலுக்குப் போகுது?"

கேட்டுவிட்டுப் பக்கத்தில் கதவோரமாக இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இல்ல டீச்சர்" என்றாள் ஸார்யா, மரியாதையாக. "ஜன்னல் பக்கம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைமேல் வெயில் விழுந்திருந்தது. ஸார்யா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே யாரோ புல் வெட்டுகிற இயந்திரச் சத்தம் நெருங்கி வந்து விலகிப் போயிற்று. அறையில் இருந்த நாலு பேரில் ஒருவரும் அசையவில்லை. டீச்சர் திரும்பி ஸார்யாவைப் பார்த்தார்.

"இட்ரிய்ட்சா போய் சோச்சாவுல சேருது. சோச்சா ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகுது" என்றாள் ஸார்யா தெளிவாக.

இரண்டாவது கேள்வி அளவைகள் பற்றியது. அதுவும் அப்படியே நடந்தது. மூன்றாவது கேள்விக்கு மாய்டா டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபோது அவர் பார்வை மாறியிருந்தது. அவர் தந்திரத்துக்காகப் பார்க்கவில்லை இப்போது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உயரத்தில் ஒரு முகத்தைத் தேடினார். அவரும்தானே அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்.  பிறகு தலையை ஆட்டினார், சரியான பதில் சொன்ன பிள்ளைக்கு ஆட்டுவது போல. தலையாட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

 ஒரு வருஷமாகத் தன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் யெர்னெயா பார்க்கிறாள். வெறும் நாற்காலியைப் பார்த்துப் பிரியமாகத் தலையாட்டுகிற ஒரு பெண்பிள்ளையின் முகம். அதைவிட அவளால் தாங்க முடியாதது வேறு. அவள் அப்போது ஸார்யாவையும் பார்த்தாள். பின்னாலிருந்து, பக்கவாட்டில், கன்னம் மட்டும் தெரிந்தது. குனிந்திருந்த பெண் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. உதடுகளை இறுக்கி, வாய்க்குள் இருக்கிற பதிலைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றையடிப் பாதையில் எதிரே வருகிறவர் போகட்டும் என்று புல்லில் இறங்கி நிற்பார்களே, அப்படி ஒதுங்கி நின்றாள். வருகிறவர் வரவே மாட்டார் என்று தெரிந்தும் நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை, அம்மாவுக்காக.

எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று கத்தின குட்டி எங்கே போனாள் என்று யெர்னெயாவுக்குப் புரிந்தது. லாரி ஒரு பிள்ளையைத்தான் எடுத்தது. இன்னொருத்தியை நான் இங்கே உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்ததும் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும் என்று கழுத்து இழுத்தது. கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. எல்லாம் சரியான பதில்கள். இளம் டீச்சர் மதிப்பெண் போட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"தேறிட்டா" என்றார் மாய்டா டீச்சர் எழுந்து. சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "நல்லாவே தேறிட்டா. அடுத்த வருஷமும் வீட்டுலதானே, யெர்னெயா?"

இந்தக் கேள்விக்கு யெர்னெயா ஒரு வருஷமாகப் பதில் வைத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் மத்தியானத்துக்குள் வீடு போய்விடலாம். செப்டம்பரில் புத்தகத்தைத் திறந்தால் அறை அமைதியாகும், அந்தக் கதகதப்பு பக்கத்தில் வந்து உட்காரும். அவன் ஏழாம் வகுப்புக்குப் போவான். அப்புறம் எட்டாம் வகுப்பு. வேண்டாம் என்று சொன்னால் அவன் எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கு வேறு இடம் இல்லை. மயானத்துக்கு அவள் இன்னும் போகவில்லை.

"இல்ல டீச்சர்" என்றாள். "ரெண்டு பேரும் செப்டம்பர்ல இங்க வருவாங்க."

"யாராவது கொண்டுவந்து விடுவாங்களா, இல்ல..."

"பஸ்லதான். கீழ வரைக்கும் நான் கூட வந்து ஏத்திவிடுவேன். சாயங்காலம் நானே நிப்பேன்."

 வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று உடனே மாற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. மாய்டா டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அழுத்திப் பிடித்தார். இளம் டீச்சர் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாய்டா டீச்சரும் பின்னால் போய், கதவை மெல்லச் சாத்தினார்.

ஸார்யா எழுந்து பின் வரிசைக்கு வந்து அம்மா முன்னால் நின்றாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல அவன் இருக்க மாட்டான்ல?"

"இருக்க மாட்டான்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சா உடனே சொல்லலாமா?"

யெர்னெயா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் கண் தானாக ஜன்னல் பக்கம் போய்விட்டது. போனதை இந்தத் தடவை அவளே உணர்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஸார்யா தலையைக் குனிந்துகொண்டு பொறுமையாக நின்றிருந்தாள்.

யெர்னெயா மண்டியிட்டு, இரண்டு கையாலும் பெண்ணின் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"சொல்லலாம். யாருக்காகவும் நிக்க வேணாம். எனக்காகவும் வேணாம். இப்பவே சொல்லு, என்ன தோணுதோ சொல்லு."

ஸார்யா ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை.

"எனக்கு அந்த பஸ்ல போக பயமா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் யெர்னெயா.